ஈரத்தின் மேல் ஈரம்: கேன்வாஸில் முதலில் பூச வேண்டியது எது, எவ்வளவு, ஏன்?

ஆயில் பெயின்டிங் பழக ஆரம்பிக்கும்போது எல்லாருக்கும் வரும் கேள்வி, "கேன்வாஸுக்கு பேஸ் என்ன அடிக்கணும்?" என்பதுதான். ஆளுக்கொரு பதில் கிடைக்கும். ஒருவர் ஜெஸ்ஸோ என்பார், ஒருவர் லிக்விட் ஒயிட் என்பார், வீட்டுச் சுவருக்கு அடித்ததில் மிஞ்சிய பிரைமரே போதும் என்று ஒருவர் சொல்வார், தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டு வரைந்தால் பிரஷ் வழுக்கிக்கொண்டு போகும் என்று இன்னொருவர் அடித்துச் சொல்வார். கடைசி இரண்டும் தப்பு. முதல் இரண்டும் சரி, ஆனால் அவை ஒரே கேள்விக்கான பதில்கள் இல்லை. அங்கேதான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

மதுரையில் வீட்டு மாடியிலும் ஹாலிலும் உட்கார்ந்து வீடியோ பார்த்துப் பழகுகிறவர்கள் நிறைய. படம் சேறாகப் போனதும் "எனக்குக் கலர் மிக்ஸிங் வரல" என்று பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிடுகிறார்கள். கலர் மிக்ஸிங்கில் கோளாறே இருக்காது. வரைவதற்கு முன்னால் பூசியதில்தான் கோளாறு. அதை யாராவது பொறுமையாகச் சொல்லியிருந்தால் அவர்கள் விட்டிருக்கவே மாட்டார்கள் என்பது என் எண்ணம். அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஒரு பேஸ் இல்லை, இரண்டு

முதலில், இந்த வீடியோக்களில் 'வெட் ஆன் வெட்' என்கிறார்களே, ஈரத்தின் மேல் ஈரம், அது என்னவென்று பார்த்துவிடலாம். ஒரு பூச்சு காய்வதற்குள் அதன் மேலேயே அடுத்ததைப் பூசி, ஒரே அமர்வில் படத்தை முடிப்பதுதான் அது. புதிய சமாச்சாரம் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் பிரான்ஸ் ஹால்ஸ் இப்படித்தான் முகங்களைத் தீட்டினார். நமக்கெல்லாம் இது பழக்கமானது பாப் ராஸ் வழியாக. 1983 முதல் 1994 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் அரை மணி நேரத்துக்கு ஒரு இயற்கைக் காட்சியை வரைந்து காட்டியவர். அவருக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்தவர் ஜெர்மனியில் பிறந்த பில் அலெக்ஸாண்டர். கேன்வாஸ் முழுக்க மெல்லிசாக ஒரு ஈர வெள்ளையைத் தடவிவிட்டு அதன் மேல் வரைவது இந்த இருவரின் வழி. அலெக்ஸாண்டர் அதை மேஜிக் ஒயிட் என்றார், ராஸ் லிக்விட் ஒயிட் என்றார்.

ஹால்ஸ் அப்படி எதையும் தடவவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஈரத்தின் மேல் ஈரமாக வரைய லிக்விட் ஒயிட் கட்டாயமே இல்லை. வானம், மேகம், தூரத்து மலை, தண்ணீரில் விழும் நிழல் என்று மெதுவாக மங்கிப் போகிற பரப்புகளை வேகமாகப் போட அது உதவுகிறது, அவ்வளவுதான்.

ஆக, வரைவதற்கு முன் கேன்வாஸில் இரண்டு வேலை நடக்கிறது. துணியை மூடிக் காப்பாற்றும் ஒரு பூச்சு. அது முழுசாகக் காய்ந்தாக வேண்டும். அதற்கு மேல், வரையும் அன்று தடவும் இன்னொரு பூச்சு. அது காயவே கூடாது. முதலாவது ஜெஸ்ஸோ, இரண்டாவது லிக்விட் ஒயிட். இரண்டும் வெள்ளையாக இருப்பதால் வந்த குழப்பம்தான் மொத்தமும்.

ஒரு வகுப்பில் கேட்ட பேச்சு இது:

"அண்ணே, வெள்ளை அடிச்சாச்சுண்ணே. காயுறதுக்குள்ள வானத்தைப் போட்டுரவா?"

"எந்த வெள்ளை தம்பி?"

"ஜெஸ்ஸோதாண்ணே. வெட் ஆன் வெட்டுன்னாங்கள்ல?"

அந்தத் தம்பி சொன்னதில் தர்க்கம் இருக்கிறது. ஈரத்தின் மேல் ஈரம் என்றால் ஈர ஜெஸ்ஸோ மேல் வரைய வேண்டியதுதானே? ஆனால் ஜெஸ்ஸோ தண்ணீரில் கலந்த சரக்கு, ஆயில் கலர் எண்ணெயில் அரைத்த சரக்கு. காயாத ஜெஸ்ஸோ மேல் ஆயிலைப் போட்டால் இரண்டும் சேராது. அடியிலிருக்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் ஜெஸ்ஸோ சரியாக இறுகாது, மேலே போட்ட கலருக்குப் பிடிப்பும் கிடைக்காது.

தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள்

புது இரும்புக் கல் வாங்கினால் அன்றைக்கே யாரும் தோசை ஊற்றுவதில்லை. எண்ணெய் தடவி, சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி தடவி, சில நாள் கல்லைப் பழக்குவார்கள். பழகின கல்லில் கறுப்பாக வழவழவென்று ஒரு படலம் இருக்குமே, அது கல்லோடு சேர்ந்துவிட்டது, கழுவினாலும் போகாது. இது ஒரு வேலை. அப்புறம் ஒவ்வொரு தோசைக்கும் முன்னால் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல் முழுக்க ஒரு தேய். இது வேறு வேலை, அந்த நேரத்துக்கு மட்டுமானது.

கல்லைப் பழக்காமல் எவ்வளவு எண்ணெய் தேய்த்தாலும் தோசை பிய்ந்துதான் வரும். கல் நன்றாகப் பழகியிருந்தும் எண்ணெயை ஊற்றிவிட்டால் மாவு கல்லில் பிடிக்காமல் கரண்டியோடு சுருண்டு வரும், வட்டமாக இழுக்கவே முடியாது. வெங்காயத்தால் தேய்த்த அந்த அளவு, பார்த்தால் தெரியாத, தொட்டால் தெரிகிற அளவுதான் வேண்டும்.

பழக்குவது ஜெஸ்ஸோ, வெங்காயத் தேய்ப்பு லிக்விட் ஒயிட். இந்த ஒப்பீட்டில் எனக்குப் பிடித்தது என்னவென்றால் இது வெறும் ஒப்பீடு மட்டும் இல்லை. கல்லின் மேல் இறுகியிருக்கும் அந்தக் கறுப்புப் படலமும் எண்ணெய்தான். எண்ணெய் எப்படி இறுகிப் படலமாகிறது என்பது தெரிந்துவிட்டால் ஆயில் பெயின்டிங்கின் பாதி விதிகள் தானாகப் புரிந்துவிடும்.

எண்ணெய் எப்படிக் 'காய்கிறது'

ஈரத்துணி காய்வது தண்ணீர் ஆவியாவதால். வாட்டர் கலரும் அப்படியே. அக்ரிலிக்கிலும் முதலில் தண்ணீர்தான் போகிறது, போனதும் உள்ளேயிருக்கும் பிளாஸ்டிக் துகள்கள் நெருங்கி ஒட்டிப் படலமாகின்றன. ஆயில் கலர் இப்படி ஆவியாகிக் காய்வதில்லை. அதில் இருக்கும் ஆளி விதை எண்ணெய், கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் தருவது, காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. இழுத்த ஆக்சிஜனால் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகி, மெல்ல மெல்லக் கெட்டிப்படுகின்றன. வெளியே போவதை விட உள்ளே சேரும் ஆக்சிஜன் அதிகம் என்பதால், காயும் ஆரம்ப நாட்களில் எண்ணெய்ப் பூச்சின் எடை கூடவே செய்யும்.

இப்படித் தானாக இறுகக்கூடிய எண்ணெய்களுக்கு உலரும் எண்ணெய்கள் என்று பெயர். ஆளி விதை, வால்நட், கசகசா எண்ணெய்கள் இந்த வகை. தேங்காய் எண்ணெய் இந்த வகை இல்லை. அதன் மூலக்கூறுகளில் பிணைந்துகொள்ள இடமே கிட்டத்தட்டக் கிடையாது. கடலை எண்ணெயும் இறுகாது, விளக்கெண்ணெயும் அப்படியே விட்டால் இறுகாது. நல்லெண்ணெய் அரைகுறை. வீட்டில் இருப்பதைக் கொண்டு கேன்வாஸில் தடவினால் அன்றைக்கு பிரஷ் நன்றாகத்தான் வழுக்கும். அடுத்த மாதமும் அந்தப் படம் பிசுபிசுவென்றே இருக்கும், அதற்கடுத்த மாதமும், ஊரிலுள்ள தூசி எல்லாம் அதில் வந்து ஒட்டும். அதைச் சரிசெய்ய வழி கிடையாது. தேங்காய் எண்ணெய் யோசனை தப்பு என்று மேலே சொன்னது இதனால்தான்.

லின்சீட் என்றாலும் எந்த லின்சீட் என்று பார்க்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்டு, மர வேலைக்கானது. சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், நிறமும் அடர்த்தியாக இருக்கும், வெள்ளையோடு கலந்தால் பழுப்பேறும். உடம்புக்கு நல்லது என்று பாட்டிலில் விற்கும் ஆளி விதை எண்ணெயில் அது கெடாமல் இருக்க ஏதாவது சேர்த்திருக்கலாம், அது காய்வதைத் தாமதப்படுத்தும். ஆர்ட் கடையில் ஓவியத்துக்கென்றே விற்கும் சுத்திகரித்த லின்சீட் ஆயிலை வாங்குங்கள். சின்ன பாட்டில் ரொம்ப நாள் வரும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: அடியில் காயும் பூச்சு ஒன்று, மேலே காயாத பூச்சு ஒன்று. ஜெஸ்ஸோ தண்ணீர் போய்க் காய்கிறது, ஆயில் கலர் ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது. இறுகத் தெரியாத எண்ணெய்க்குக் கேன்வாஸில் வேலை இல்லை.

காய வேண்டிய பூச்சு: ஜெஸ்ஸோ

வெறும் துணியில் நேரடியாக ஆயில் கலர் போட்டால் என்ன ஆகும்? எண்ணெயைத் துணி உறிஞ்சிவிடும், மேலே வறண்ட நிறத்தூள் மட்டும் நிற்கும். அது உடனே தெரிகிற கேடு. தெரியாத கேடு இன்னொன்று உண்டு. எண்ணெய் இறுகும்போது உண்டாகும் அமிலங்கள் பருத்தி இழையையும் லினன் இழையையும் மெல்ல அரிக்கும். வருடங்கள் போனால் துணி நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். எண்ணெய்க்கும் துணிக்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். அதே தடுப்பு, கலர் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் சொரசொரப்பும் தர வேண்டும். இந்த இரண்டு வேலையையும் செய்வது ஜெஸ்ஸோ.

பழைய ஜெஸ்ஸோ சாக்குத்தூளையோ ஜிப்சத்தையோ விலங்குப் பசையில் குழைத்துச் செய்தது. நம் ஊர்த் தச்சர்கள் மரம் ஒட்ட வைத்திருந்த வஜ்ஜிரமும் அந்த வகைப் பசைதான். தஞ்சாவூர் ஓவியத்தில் பலகை மேல் துணியை ஒட்டி, சாக்குத்தூளும் பசையும் கலந்து பூசி, தேய்த்து வழவழப்பாக்கிவிட்டுத்தான் கோடு போடுகிறார்கள். கிட்டத்தட்ட அதே யோசனை. அழகர்கோயில் வசந்த மண்டபத்தில் நாயக்கர் கால ராமாயண ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை நிற்பது சுண்ணாம்புக் காரை மேல். எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் கலரை விட அதிக மெனக்கெடல் அடித்தளத்துக்குப் போயிருக்கிறது.

பசை ஜெஸ்ஸோ கெட்டியானது, வளையாது, பலகைக்குப் பொருந்தும். ஆடி அசையும் துணியில் வெடித்துவிடும். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் டப்பா ஜெஸ்ஸோ 1950களில் வந்த அக்ரிலிக் வகை. அக்ரிலிக் பசை, டைட்டானியம் வெள்ளை, சாக்குத்தூள், தண்ணீர். துணியோடு சேர்ந்து வளையும்.

பெட்டியில் சுற்றி வரும் ரெடிமேட் கேன்வாஸில் ஏற்கெனவே பிரைமர் பூசியிருக்கும். ஆனால் விலை குறைந்தவற்றில் அது மெல்லிசாக இருக்கும், எண்ணெயை இழுத்துக் குடிக்கும். இதைச் சோதிப்பது சுலபம். ஓரத்தில் ஒரு சொட்டு லின்சீட் ஆயில் விட்டு, விரலால் லேசாகப் பரப்பி, காபி குடித்துவிட்டு வந்து பாருங்கள். பளபளப்பு அப்படியே நின்றால் நல்ல கேன்வாஸ். எண்ணெய் உள்ளே போய் மங்கலான திட்டு மட்டும் மிஞ்சியிருந்தால், நீங்கள் தடவப் போகும் லிக்விட் ஒயிட்டுக்கும் அதே கதிதான். அரை மணி நேரத்தில் அது உள்ளே இறங்கிவிடும், நீங்கள் வெட் ஆன் வெட் என்று நினைத்துக்கொண்டு காய்ந்த துணியில் இழுத்துக்கொண்டிருப்பீர்கள். "வீடியோல அப்படியே வழுக்குது, எனக்கு மட்டும் பிரஷ் இழுக்குது" என்கிற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த உறிஞ்சல்தான்.

அப்படிப்பட்ட கேன்வாஸுக்கு மேலும் இரண்டு கோட்டிங் ஜெஸ்ஸோ கொடுங்கள். முதல் கோட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம், கால் பங்குக்கு மேல் வேண்டாம், பசை நீர்த்துப் போகும். ஒரு கோட்டை இடவலமாக அடித்தால் அடுத்ததை மேலும் கீழுமாக அடியுங்கள். நன்றாகக் காய்ந்ததும் 220 அல்லது 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு. துணியின் நெசவு கொஞ்சம் தெரியலாம், ஆனால் கையால் தடவினால் முள்ளாகக் குத்தக் கூடாது. கடைசிக் கோட்டுக்குப் பிறகு ஒரு நாளாவது விடுங்கள், மூன்று நாள் விட்டால் இன்னும் நல்லது. அப்புறமும் உறிஞ்சினால் அக்ரிலிக் மேட் மீடியம் ஒரு மெல்லிய கோட் கொடுக்கலாம். பளபள வகையை வாங்கிவிடாதீர்கள், அதில் ஆயில் கலருக்குப் பிடிமானம் குறைவு.

சுவர் பிரைமர், டிஸ்டெம்பர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவை அசையாத சுவருக்குச் செய்தவை. டிஸ்டெம்பரில் சாக்கு அதிகம், பசை குறைவு, கையால் தேய்த்தாலே மாவாக வரும். கேன்வாஸில் அது எண்ணெயைக் குடிப்பதோடு நிற்காமல், மேலிருக்கும் படத்தையும் தூக்கிக்கொண்டு ஒரு நாள் உதிரும்.

மதுரை வெயிலில் இதை எப்படிச் செய்வது

வெளியூர் வீடியோக்களில் ஜெஸ்ஸோவை நிதானமாக இழுத்து இழுத்துச் சமன் செய்வார்கள். சித்திரை மாதம் நம் ஊர் மொட்டை மாடியில் அது நடக்காது. வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் நீங்கள் வலது ஓரத்துக்குப் போவதற்குள் இடது ஓரம் இழுபட ஆரம்பித்துவிடும். பாதி காய்ந்த ஜெஸ்ஸோ மேல் மறுபடி பிரஷ்ஷை வைத்தால் அது சுருண்டு வரப்பு வரப்பாக நிற்கும், உப்புத்தாள் போட்டாலும் அந்த வரப்பு முழுசாகப் போகாது. அதனால் காலை ஆறு, ஆறரைக்கே வேலையை முடித்துவிடுங்கள். வீட்டுக்குள்ளே, ஃபேனை நிறுத்திவிட்டு, பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துவிட்டு ஆரம்பியுங்கள். ஒரு இடத்தில் மூன்று நான்கு இழுப்புக்கு மேல் வேண்டாம், திட்டு தெரிந்தாலும் விட்டுவிடுங்கள், அடுத்த கோட் பார்த்துக்கொள்ளும்.

காயப்போடுவதும் உள்ளேதான். வெளியே வைத்தால் ரோட்டுத் தூசி, கொசு, வேப்பம்பூ எல்லாம் அதில் வந்து உட்காரும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கதை தலைகீழ். காற்றில் ஈரம் இருப்பதால் ஜெஸ்ஸோ மெதுவாகக் காயும், மேலே தொட்டால் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே குளுமையாக இருக்கும். புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது.

காயக் கூடாத பூச்சு: லிக்விட் ஒயிட்

சரி, கேன்வாஸ் தயார். இனி வரையப் போகும் அன்றைய வேலை.

லிக்விட் ஒயிட் என்பது டைட்டானியம் ஒயிட் ஆயில் கலரை லின்சீட் ஆயிலில் இளக்கியது, வேறு மந்திரம் இல்லை. இறக்குமதி ஜாடி விலை அதிகம், வீட்டிலேயே செய்துகொள்ளலாம். டியூபிலிருந்து வெள்ளையைக் கண்ணாடித் துண்டில் பிதுக்கி, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பெயின்டிங் கத்தியால் மடித்து மடித்துக் குழையுங்கள். முதல் சில சொட்டில் ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும், கத்தியில் கட்டியாகவே நிற்கும். திடீரென்று இளகும். கத்தியைத் தூக்கினால் இழையாக ஓட வேண்டும், ஓடிய இழை கீழே விழுந்த இடத்தில் ஒரு நொடி மேடாக நின்று அப்புறம் பரவ வேண்டும். விழுந்ததுமே தடம் இல்லாமல் பரவினால் எண்ணெய் கூடிவிட்டது, இன்னும் கொஞ்சம் வெள்ளை சேருங்கள்.

டர்பன்டைன் விட்டு இளக்க வேண்டாம். அது ஆவியாகிவிடும், நமக்கு வேண்டியது நிற்கிற ஈரம். அக்ரிலிக் வெள்ளையில் தண்ணீர் கலந்து தடவுவதும் பயன்படாது, நம் ஊர் வெயிலில் சில நிமிடத்தில் காய்ந்துவிடும். டியூபில் ஜிங்க் ஒயிட் என்று எழுதியிருந்தால் அதைத் தவிருங்கள், ஆயிலில் ஜிங்க் காலப்போக்கில் விறைத்து வெடிப்பு விடும்.

தடவ இரண்டு இஞ்ச் தட்டை பிரஷ் போதும். பிரஷ்ஷின் நுனியில் மட்டும் கொஞ்சம் எடுத்து, கேன்வாஸில் பெருக்கல் குறி மாதிரி குறுக்கும் மறுக்குமாக, நன்றாக அழுத்தித் தேயுங்கள். நெசவின் குழிக்குள் போக வேண்டும். தீர்ந்ததும் உடனே மறுபடி தொடாமல், இருப்பதையே இன்னும் தூரத்துக்கு இழுத்துப் பாருங்கள். நீங்கள் நினைப்பதை விட ரொம்ப தூரம் வரும்.

அளவுக்கு விரல் ரேகைதான் சாட்சி

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

தடவி முடித்ததும் நடுவிரலைக் கேன்வாஸில் லேசாக ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். விரலின் ரேகை மேடுகளில் மட்டும் வெள்ளை ஏறி, நடுவிலுள்ள பள்ளங்கள் தோல் நிறமாகத் தெரிந்தால் அளவு சரி. ரேகையே தெரியாமல் விரல் முழுக்க வெள்ளையாகிவிட்டால் அதிகம். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை என்றால் குறைவு, அல்லது கேன்வாஸ் குடித்துவிட்டது. நான்கு மூலையிலும் நடுவிலும் பாருங்கள், ஏனென்றால் எல்லாரும் நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும்தான் தடவுகிறோம். பிறகு ஜன்னல் பக்கமாக நின்று கேன்வாஸைச் சாய்த்துப் பார்த்தால் ஈர மினுமினுப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். அதிகமான இடத்தை நூல் பிரியாத பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள்.

தடவிவிட்டு வரைய முடியாமல் போனால், கரண்ட் போய்விட்டது, விருந்தாளி வந்துவிட்டார் என்றால், அப்படியே விட்டுவிட வேண்டாம். துணியால் முழுசாகத் துடைத்துவிட்டு மறுநாள் புதிதாகத் தடவுங்கள். அது சில மணி நேரம் ஈரமாக இருக்கும் என்பது நிஜம், ஆனால் அதன் பிறகு பிசுக்கென்று ஒரு பதத்துக்கு வரும். ஈரமும் இல்லாத, காயவும் இல்லாத அந்தப் பதத்தில் பிரஷ் வைத்தால் எல்லாம் உரிந்து வரும்.

இந்த ஈரம் அப்படி என்னதான் செய்கிறது

ஒத்தக்கடைப் பக்கமிருந்து யானைமலையை வரைவதாக வைத்துக்கொள்வோம். படுத்திருக்கும் அந்த நீளப் பாறையும், பின்னால் வெளிறிய வானமும், அடியில் கொஞ்சம் பச்சையும்.

பிரஷ்ஷில் துளி அல்ட்ராமரின் நீலத்தை எடுத்து மேல் ஓரத்தில் ஆரம்பித்துக் குறுக்கும் மறுக்குமாக இறங்குகிறீர்கள். மேலே பிரஷ்ஷில் நீலம் அதிகம். கீழே வர வர நீலம் தீர்ந்துகொண்டே போகிறது, கேன்வாஸில் இருக்கும் வெள்ளை பிரஷ்ஷில் ஏறிக்கொண்டே வருகிறது. மலைக்குப் பின்னால் வரும்போது கிட்டத்தட்ட வெள்ளைதான் மிச்சம். நிஜ வானமும் அப்படித்தான் இருக்கிறது, உச்சியில் அடர்த்தி, அடிவானத்தில் வெளிறல். தட்டில் ஏழெட்டு நீலம் கலந்து வைக்காமலே இது கிடைக்கிறது. கலவை தட்டில் நடக்காமல் கேன்வாஸிலேயே நடக்கிறது. லிக்விட் ஒயிட்டின் முதல் பயன் இது.

அதே காரணத்தால்தான் அளவு கூடினால் எல்லாம் கெடுகிறது. மலையின் அடர் பழுப்பைப் போடும்போதும் அடியிலிருக்கும் வெள்ளை ஏறிக்கொண்டேதான் இருக்கும். வெள்ளை மெல்லிசாக இருந்தால் முதல் இரண்டு இழுப்பிலேயே தீர்ந்துவிடும், அப்புறம் பழுப்பு பழுப்பாக நிற்கும். தடிமனாக இருந்தால் எத்தனை முறை போட்டாலும் வெளிறிக்கொண்டே வரும், நீங்கள் இன்னும் கலரைச் சேர்ப்பீர்கள், வானத்து நீலமும் இழுபட்டு உள்ளே வரும், சேறு. அடியில் அடர்த்தியான மரமும் நிழலும் வரப்போகிறது என்று தெரிந்தால் அந்தக் கீழ்ப் பகுதிக்கு வெள்ளையே தடவாமல், வெறும் லின்சீட் ஆயிலை மட்டும் தொட்டுத் துடைத்துவிடலாம்.

இரண்டாவது விஷயம் ஒட்டுவது. ஈரத்தின் மேல் இன்னொரு ஈரம் கலந்துவிடாமல் எப்படி நிற்கிறது? கெட்டியான கலருக்குத் தனக்குள்ளேயே பிடிப்பு அதிகம், லேசான அழுத்தத்துக்கு அது அசையாது. அதன் மேல் அதைவிட இளகிய கலரை மெதுவாக வைத்தால், இளகியது பிரஷ்ஷை விட்டுச் சுலபமாக இறங்கிக் கெட்டியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். இதையே தலைகீழாகச் செய்தால், அதாவது இளகியதன் மேல் கெட்டியைப் போட்டால், கெட்டி பிரஷ்ஷை விட்டு இறங்காது, மாறாகக் கீழே இருப்பதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வரும். அதனால் விதி: அடியில் கெட்டி, மேலே இளக்கம். யானைமலையைக் கெட்டியாகப் போட்டுவிட்டு, பாறை உச்சியில் விழும் காலை வெளிச்சத்துக்கான கலரில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இளக்கி, அழுத்தாமல் ஒரே இழுப்பு. இரண்டாவது இழுப்பு இழுத்தால் கலந்துவிடும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் லிக்விட் ஒயிட் இளக்கம்தானே, அதன் மேல் கெட்டிக் கலர் எப்படி நிற்கிறது என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. நிற்பதற்குக் காரணமே அதன் மெல்லிசுதான். ரேகை பதியும் அளவு இருக்கும்போது அது பெரும்பாலும் நெசவின் குழிகளில் தங்குகிறது, மேடுகளில் ரொம்ப லேசாகத்தான் இருக்கிறது. கெட்டிக் கலர் அந்த மேடுகளைப் பற்றிக்கொள்கிறது. தடிமனாகத் தடவினால் மேடும் மூழ்கிவிடும், பற்ற இடம் இல்லாமல் கலர் மிதக்கும். மறுபடியும் அளவில்தான் வந்து நிற்கிறோம்.

சுருக்கமாக: ஈர வெள்ளை பிரஷ்ஷை ஓடவிடுகிறது, கலரைக் கேன்வாஸிலேயே வெளிறச் செய்கிறது. இரண்டும் அது மெல்லிசாக இருக்கும் வரைதான். அதன் மேல் வருவதெல்லாம் கெட்டியில் தொடங்கி இளக்கத்தில் முடிகிறது.

எண்ணெய் விதியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்

ஆயில் பெயின்டிங்கில் இன்னொரு பழைய விதி கேள்விப்பட்டிருப்பீர்கள், மேலே போகப் போக ஒவ்வொரு அடுக்கிலும் எண்ணெய் கூட வேண்டும் என்று. அது ஒரு அடுக்கு காய்ந்த பிறகு அடுத்ததைப் போடும் முறைக்கானது. எண்ணெய் குறைந்த அடுக்கு சீக்கிரம் இறுகும், அது மேலே இருந்தால் அடியிலிருப்பது பின்னால் அசையும்போது மேலே வெடிக்கும் என்பதற்காக வந்த விதி. ஒரே அமர்வில் முடிக்கும் படத்தில் எல்லாப் பூச்சும் சேர்ந்து ஒரே படலமாகத்தான் இறுகுகின்றன, அதனால் இங்கே அந்தக் கவலை பெரிதாக இல்லை. முடித்த படத்தின் மேல் அடுத்த மாதம் திருத்தம் செய்ய உட்கார்ந்தால் அந்த விதி திரும்ப வந்துவிடும்.

கூடவே இன்னொன்று. அக்ரிலிக் மேல் ஆயில் போகலாம், ஆயில் மேல் அக்ரிலிக் போகக் கூடாது. படம் பிடிக்கவில்லை என்று ஆயில் படத்தின் மேலேயே ஜெஸ்ஸோ அடித்துக் கேன்வாஸை மறுபடி பயன்படுத்துகிறார்கள். அந்த ஜெஸ்ஸோ ஒட்டாது, ஒரு நாள் தோலாக உரியும்.

துடைத்த துணியை என்ன செய்வது

இதைப் பல வகுப்புகளில் சொல்வதே இல்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. லின்சீட் ஆயில் ஆக்சிஜனை வாங்கி இறுகும்போது சூடு வெளியாகிறது. கேன்வாஸில் மெல்லிசாகப் பரவியிருப்பதால் அந்தச் சூடு காற்றில் கலைந்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், மடிப்புக்குள் சூடு வெளியேற வழியின்றிச் சேர்கிறது. சூடு ஏற ஏற எண்ணெய் இன்னும் வேகமாக ஆக்சிஜனை வாங்கும், அதனால் இன்னும் சூடு. யாரும் நெருப்பு வைக்காமலே, சில மணி நேரத்தில் துணி தானாகப் பற்றிக்கொள்ளும். உலகம் முழுக்கத் தச்சுப் பட்டறைகளிலும் ஓவியக் கூடங்களிலும் இப்படித் தீ பிடித்திருக்கிறது. நம் ஊர்க் கோடையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறையில், அந்தக் குவியலுக்குத் தொடக்கச் சூடும் இலவசமாகக் கிடைக்கிறது.

வேலை முடிந்ததும் அந்தத் துணிகளையும் டிஷ்யூவையும் தண்ணீரில் நன்றாக நனைத்து, மூடி போட்ட தகர டப்பாவில் தண்ணீரோடு போட்டு வையுங்கள். அது முடியாவிட்டால் வெளியே, எரியக்கூடியது எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், ஒவ்வொன்றையும் தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள். விறைப்பாகக் காய்ந்த பிறகு குப்பையில் போடலாம். சின்னப் பிள்ளைகள் வரைகிற வீடாக இருந்தால் இந்த வேலையைப் பெரியவர்கள் யாராவது ஒருவர் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள்.